குறியீடு 92

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமங்களில் ஒரு வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று எந்த ஆய்வு முறையியல் புத்தகத்திலும் எழுதியிருக்காது. விடியற்காலையில் போனால் பால் கறந்துகொண்டிருப்பார்கள். நேரத்துக்குள் சங்கத்தில் ஊற்றியாக வேண்டும் என்ற அவசரத்தில் பெயரைக்கூட முழுசாகச் சொல்ல மாட்டார்கள். அதன் பிறகு சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவது. ஒன்பது மணிக்கு மேல் பெண்கள் நூறு நாள் வேலைக்கு ஏரிப் பக்கம் போயிருப்பார்கள், இல்லையென்றால் களையெடுக்க. பதினொரு மணிக்கு ஊருக்குள் நுழைகிறவருக்குக் கிடைப்பது திண்ணையில் இருக்கும் பெரியவர்கள்தான். நன்றாகப் பேசுவார்கள், மோர் கொடுப்பார்கள். வீட்டில் யார் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்பதைத் தவிர எல்லாவற்றையும் சொல்வார்கள். மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கும் வாரங்களில் வீட்டுக்குப் போவதே வீண், கொல்லைக்குத்தான் நடக்க வேண்டும். பௌர்ணமியன்று வேலையே வைத்துக்கொள்ளக் கூடாது. கிரிவலப் பாதையில் எதையாவது விற்கப் போனவர்கள் மறுநாள் மதியம்தான் எழுந்திருப்பார்கள், திருவண்ணாமலை பஸ்ஸில் நமக்கும் நிற்க இடம் கிடைக்காது.

போகும் நேரத்தை மாற்றினால் பதில் சொல்லும் ஆள் மாறுகிறார். ஆள் மாறினால் அந்த வீட்டின் கணக்கே மாறுகிறது. நான் பார்க்கும் தொழிலில் இதுதான் முதல் பாடம். வகுப்பில் இதை யாரும் எடுத்ததில்லை. கூட வந்த மூத்த அக்கா ஒருவர் நடந்துகொண்டே சொல்லிக்கொடுத்தார்.

என் வேலைக்கு ஒப்பந்தத் தாளில் ‘கள ஆய்வாளர்’ என்று பெயர். ஊரில் ‘சர்வே அக்கா’. பட்டப்படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தபோது, தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு ஆராய்ச்சி மாணவருக்காகக் கேள்வித்தாள் நிரப்பப் போனதில் தொடங்கியது. பிறகு பல்கலைக்கழகத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள், வெளிநாட்டிலிருந்து வரும் பேராசிரியர்கள், எம்.பி.ஏ. மாணவர்கள் என்று யார் கூப்பிட்டாலும் போகிறேன். அப்போது தடித்த காகிதக் கட்டும் அட்டையும் பென்சிலும். இப்போது டேப்லெட். செஞ்சி சாலையில் பஸ் ஏறி இறங்கி, அங்கிருந்து நடந்தோ யாராவது வண்டியில் தொற்றிக்கொண்டோ போவது மட்டும் மாறவில்லை.

எங்கள் மாவட்டத்துக்கு இது புதிதில்லை. நூறு வருஷத்துக்கும் மேலாக யாராவது வந்து எண்ணிக்கொண்டேதான் இருக்கிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். 1918இல் புத்தகமாக வந்த அந்த ஆய்வில் தூசியும் உண்டு. அன்றைக்கு வட ஆற்காடு, இன்றைக்குத் திருவண்ணாமலை மாவட்டத்தின் வடகோடி, காஞ்சிபுரத்துக்குப் பக்கம். அதே கிராமங்களுக்கு 1936-37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மறுபடி ஆள் அனுப்பினார்கள். எண்பதுகளில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து எஸ். குகனும் கே. பரதனும் தூசியைத் திரும்பப் பார்த்து எழுதினார்கள். இதற்கு நடுவில் 1973-74இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வட ஆற்காட்டின் நெல் கிராமங்களில் வீடு வீடாகக் கேட்டன. பி.எச். ஃபார்மர் தொகுத்து 1977இல் வந்த அந்தப் புத்தகத்தின் தலைப்பு ‘பசுமைப் புரட்சி’ என்று தொடங்கி, உடனே ஒரு கேள்விக்குறி. புது ரக நெல்லால் இங்கே பெரிய புரட்சி எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை என்ற சந்தேகம் அந்தக் குறியில் இருந்தது.

பத்து வருஷம் கழித்து, 1982 முதல் 1984 வரை, பீட்டர் ஹேசலும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் சி. ராமசாமியும் அதே கிராமங்களுக்கு வந்தார்கள். அவர்கள் கணக்கில் சிறு விவசாயிகளுக்கும் நிலமில்லாத கூலிக்காரர்களுக்கும் வருமானம் நன்றாகவே ஏறியிருந்தது. 1991இல் வந்த அவர்கள் புத்தகம் பசுமைப் புரட்சியை மறுபடி எடைபோட வேண்டும் என்றது. 1993-94இல் பார்பரா ஹாரிஸ்-ஒயிட்டும் எஸ். ஜனகராஜனும் இன்னொரு சுற்றுப் போனார்கள். ஊர் அதே ஊர், கிணறு அதே கிணறு, முடிவுகள் வேறு வேறு. ஏன் என்று படித்தவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்த வாதத்தில் எனக்குப் புரிகிற பகுதி ஒன்று உண்டு. எந்த வருஷத்தை எந்த வருஷத்தோடு ஒப்பிடுகிறோம்? 1982-83 மழை பொய்த்த வருஷம், அடுத்தது நல்ல வருஷம். ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் நம்பியிருக்கும் ஊரில், தண்ணீர் இருக்கும் வருஷத்தில் கேட்டால் கூலிக்காரர் வீட்டிலும் ஒரு சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்பைப் பத்து வருஷ வளர்ச்சி என்று எழுதலாமா என்பது சின்னக் கேள்வி இல்லை.

1973-74 குழுவில் இருந்த ராபர்ட் சேம்பர்ஸ் பின்னாளில், 1983இல், கிராம ஆய்வாளர்களின் சாய்வுகளைப் பட்டியல் போட்டார். தார்ச்சாலையோரத்து ஊரையே பார்ப்பது, வெயில் காலத்தில் மட்டும் வருவது, ஆண்களிடமும் செல்வாக்குள்ளவர்களிடமும் மட்டும் பேசுவது. கீழ்பென்னாத்தூர்க்காரிக்கு அதைப் படித்தால் சிரிப்பு வரும். எங்கள் ஊர் திருவண்ணாமலை - செஞ்சி நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் ‘கிராமப்புற மக்களின் வாங்கும் பழக்கம்’ என்று தலைப்பு எடுத்தால் பஸ்ஸைவிட்டு இறங்கும் இடத்திலேயே ஐம்பது தாள் முடித்துவிடுவார்கள். சாலையோரத்து டீக்கடைக்காரர் ஒருவர் எத்தனை ஆராய்ச்சிப் பட்டங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார் என்று அவருக்கே கணக்கில்லை. ஷாம்பு, சோப்பு, வங்கிச் சேவை, செல்போன் என்று எதைக் கேட்டாலும் அவருக்கு ‘மிகவும் திருப்தி’.

இந்தத் திருப்தி அளவுகோலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் கொண்டுவந்த ஐந்து படி அளவுகோல் நம்மூர் நிர்வாகவியல் ஆய்வுகளின் உயிர்நாடி. முற்றிலும் ஏற்கிறேன், ஏற்கிறேன், நடுநிலை, மறுக்கிறேன், முற்றிலும் மறுக்கிறேன். கூட்டுறவு வங்கியின் சேவை பற்றி ஒரு விவசாயியிடம் இதைப் படித்துக் காட்டினால் அவர், “அந்த மேனேஜர் போன ஆடில மாத்தலாயிட்டாருமா. நல்ல மனுஷன். இப்ப வந்திருக்கறவரு மூஞ்ச காட்ட மாட்றாரு. ஆனா வட்டி கம்மிதான்” என்பார். இதில் எந்தப் படி? நகை அடகு வைத்திருக்கும் இடத்தைப் பற்றி வெளியாளிடம் குறை சொல்ல யாருக்கும் மனசு வராது, அதனால் கடைசியில் ‘ஏற்கிறேன்’ விழும். பிறகு அந்த எண்களைக் கூட்டி, சராசரி எடுத்து, கிரான்பாக் ஆல்ஃபா போட்டு, கேரட் தரவரிசையும் ஒட்டினால் தமிழ்நாட்டில் ஒரு ஆய்வேடு தயார். கேரட் தரவரிசை இல்லாத வணிகவியல் ஆய்வேட்டை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அந்த விவசாயி சொன்ன மாத்தல் கதை எந்தக் கட்டத்திலும் இல்லை. மேலாண்மை படிப்பவருக்கு அதுதானே வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

சரி, கிராமத்துக்குள் போவோம். முதல் வேலை வீட்டுப் பட்டியல். ஊரைச் சுற்றி நடந்து, வடமேற்கு மூலையில் தொடங்கி, வரிசையாக எண் போட்டு, பிறகு அதிலிருந்து குலுக்கல் முறையில் வீடுகளைப் பொறுக்க வேண்டும். பஞ்சாயத்து அலுவலகத்திலோ ரேஷன் கடையிலோ பட்டியல் வாங்கிக்கொண்டால் ஒரு வாரம் மிச்சம் என்று அவசரக்காரர்கள் சொல்வார்கள். ஏரிக்கரையோரம் இருக்கும் இருளர் குடிசைகள் அந்தப் பட்டியலில் பல நேரம் இருக்காது. சிலருக்கு அட்டை இல்லை. சிலர் மரம் வெட்டவோ செங்கல் சூளைக்கோ குடும்பத்தோடு போயிருப்பார்கள். அட்டை இல்லாதவர் பட்டியலில் இல்லை, பட்டியலில் இல்லாதவர் குலுக்கலில் இல்லை. அப்புறம் அறிக்கையில் ‘இந்த ஊரில் வறுமை குறைவு’ என்று ஒரு வரி வரும்.

ஊர், காலனி என்ற பிரிவும் இப்படித்தான் கணக்குக்குள் நுழைகிறது. காலையில் ஊர்ப் பகுதியில் தொடங்கிப் பொழுது சாயும்போது காலனிக்குப் போனால், அங்கே உள்ள வீடுகளுக்கு நம் களைப்புதான் கிடைக்கும். கேள்விகள் சுருங்கும், ‘மற்றவை’ என்ற கட்டம் நிறையும். முதலில் காலனிக்குப் போய்விட்டு ஊருக்கு வந்தால், தண்ணீர் கொடுக்கும் முறையிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். “நீ யாரு வூட்டுப் பொண்ணு?” என்று கேட்பது நலம் விசாரிப்பதற்காக இல்லை. ஆந்த்ரே பெத்தேய் தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர் ஒன்றைப் பற்றி 1965இல் வெளியிட்ட புத்தகம் உலகப் புகழ் பெற்றது. அவர் தங்கியிருந்தது அக்கிரகாரத்தில். அங்கே தங்கியவருக்குச் சேரி எவ்வளவு தூரம் என்று அவரே எழுதியிருக்கிறார். எங்களைப் போன்றவர்கள் தங்குவதில்லை, அன்றன்றே திரும்பிவிடுகிறோம். ஆனாலும் முதல் வீட்டில் குடித்த டீயிலிருந்து கடைசி வீடு வரை நாம் யார் பக்கம் என்று ஊர் குறித்து வைத்துக்கொள்ளும். அதனால் முடிந்தவரை இரண்டு பேராகப் போய், ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் தொடங்குவோம்.

அடுத்தது குடும்பம். தேசிய மாதிரி ஆய்வும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் சொல்லும் விதி எளிமையானது. வழக்கமாக ஒன்றாக வசித்து, ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றால்தான் தெரியும் அதன் சிக்கல். கிழவிக்கு முதியோர் உதவித்தொகை வருகிறது, அதற்காகத் தனி ரேஷன் அட்டை. மகன் குடும்பத்துக்கு இன்னொரு அட்டை. கேட்டால் “நாங்க தனித்தனிமா” என்பார்கள். பின்கட்டில் ஒரே அடுப்பு எரியும். நான் பெண் என்பதால் பின்கட்டு வரை போக முடிகிறது. ஆண் ஆய்வாளர் திண்ணையில் உட்கார்ந்தபடி இரண்டு குடும்பம் என்று எழுதிவிட்டு வருவார். அவர் எழுதியதும் பொய்யில்லை, அரசாங்கக் காகிதத்தில் அது இரண்டுதான்.

2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை வந்த பிறகு இது இன்னும் இறுகிவிட்டது. குடும்ப அட்டைக்கு ஒரு பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நன்செய் என்றால் 5 ஏக்கருக்குள், புன்செய் என்றால் 10 ஏக்கருக்குள், மின்சாரம் வருஷத்துக்கு 3600 யூனிட்டுக்குள். இந்த எண்கள் எல்லார் வீட்டிலும் மனப்பாடம். நிலம் எவ்வளவு என்று நான் கேட்கும்போது அவர்கள் காதில் விழுவது வேறு கேள்வி. ஒரு அளவீடு பலனோடு கட்டப்பட்டுவிட்டால் அந்த அளவீடே கெட்டுப்போகும் என்று டொனால்டு கேம்ப்பெல் என்ற அமெரிக்க உளவியலாளர் எழுபதுகளில் எழுதியதை எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒருமுறை சொன்னார். பின்வரிசையில் இருந்த பையன், “இத எங்க பாட்டிகூடச் சொல்லும் சார்” என்றான். அதற்காக நிலத்தைப் பற்றிக் கேட்காமல் விட முடியாது. நான் ஏக்கரைக் கேட்பதில்லை. எத்தனை மூட்டை விதை மல்லாட்டை வாங்கினீர்கள், எத்தனை நாள் உழவு ஓட்டினார்கள், எத்தனை மூட்டை மார்க்கெட் கமிட்டிக்குப் போனது என்று கேட்பேன். காணிக் கணக்கு தானாக வெளியே வரும். ஒரு காணி 132 சென்ட் என்று சென்னையிலிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

காலத்தைக் கேட்பதும் அப்படியே. ‘கடந்த 365 நாட்களில்’ என்று கேள்வித்தாளில் இருக்கும். அப்படி வாய்விட்டுக் கேட்டால் எதிரே இருப்பவர் கண்ணை மூடித் திறப்பார். எங்கள் பக்கம் வருஷத்துக்கு ஒரே ஆணி கார்த்திகை தீபம். “தீபத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?” என்று கேட்டால் மாடு வாங்கியது, மகள் பிரசவம், கடன் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். வயதுக்கு எம்.ஜி.ஆர். செத்த வருஷம், அதாவது 1987 கடைசி. “அப்ப நான் பாவாட கட்டினிருந்தேன்” என்றால் மீதியை நாம் கூட்டிக்கொள்ளலாம். எத்தனை நாளுக்குக் கேட்பது என்பதில் நாட்டின் தலையெழுத்தே புரண்டிருக்கிறது. 1999-2000இல் தேசிய மாதிரி ஆய்வு, சாப்பாட்டுச் செலவை 30 நாளுக்கும் 7 நாளுக்கும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் கேட்டது. அதிலிருந்து வந்த அதிகாரபூர்வ வறுமை விகிதம் 26 சதவீதம், அதற்கு ஆறு வருஷத்துக்கு முன் 36. உண்மையிலேயே அவ்வளவு குறைந்ததா என்று பொருளாதார அறிஞர்கள் பல வருஷம் சண்டை போட்டார்கள். வாசலில் நின்றவர்களுக்கு அதில் வியப்பு இருந்திருக்காது. ஒரு வாரத்துக்கு எண்ணெய் எவ்வளவு என்று சொன்ன கையோடு மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்டால், எந்த மனுஷியும் நாலால் பெருக்கித்தான் சொல்வாள்.

இப்போது 92க்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னதே அந்த எண்தான்.

தேசிய மாதிரி ஆய்வின் குறியீட்டுப் பட்டியலையே பெரும்பாலான தனியார் ஆய்வுகளும் எடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு ஆளின் வழக்கமான வேலைக்கும் ஒரு எண். சொந்தமாகத் தொழில் செய்தால் 11. குடும்பத் தொழிலில் கூலி வாங்காமல் உதவினால் 21. தினக்கூலி 51. வீட்டு வேலை மட்டும் பார்த்தால் 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, மாட்டுக்குப் புல் அறுப்பது, வீட்டு உபயோகத்துக்குத் தைப்பது என்றால் 93. 11, 21, 51 எல்லாம் ‘உழைப்பாளர்’ என்ற தொகைக்குள் சேரும். 92, 93 சேராது.

இப்போது ஒரு வீடு. இரண்டு கறவை மாடு, ஒரு கன்று. அந்த அம்மா நாலரைக்கு எழுந்து சாணி அள்ளி, கறந்து, சங்கத்துக்குக் கொண்டுபோய் ஊற்றி, டிகிரி பார்த்து, அட்டையில் எழுதி வாங்கி, வீட்டுக்கு வந்து சோறாக்கி, புல்லறுக்கப் போய், சாயந்திரம் மறுபடி கறந்து ஊற்றுகிறார். உறுப்பினர் அட்டை வீட்டுக்காரர் பெயரில். பட்டுவாடா அன்றைக்கு அவர் போய்க் காசு வாங்குவார். அந்த அம்மாவிடம் “நீங்க என்ன வேலை பாக்கறீங்க?” என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: “வேலக்கெல்லாம் போறதில்லம்மா. வூட்லதான் இருக்கறேன்.” எழுதுகிற கை 92க்குப் போகும். போனவுடனே டேப்லெட் அந்தப் பகுதியையே மூடிவிட்டு அடுத்த ஆளுக்குத் தாவும். எத்தனை மணி நேரம், என்ன வருமானம் என்ற கேள்விகள் திறக்கவே திறக்காது.

விதிப்படி பார்த்தால் அவர் 92 இல்லை. மாடு வளர்த்துப் பால் எடுப்பது பொருளாதார நடவடிக்கை. சொந்த வீட்டுக்கு மட்டும் கறந்தாலும் அது கணக்கில் வரும். அதே பாலை உறையூற்றிக் கடைந்து வீட்டுக்கு நெய் காய்ச்சினால் வராது. அந்த எல்லைக்கோட்டை யாரோ எங்கோ ஒரு மேசையில் போட்டார்கள், அதற்குப் பெரிய வாதங்களும் உண்டு. ஆனால் அந்தக் கோடு ஒரு பெண்ணின் வாழ்க்கையில் எந்த இடத்தில் விழுகிறது என்பதைத் தீர்மானிப்பவர், தாளுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஆய்வாளர். கோட்பாடு என்றால் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் வருவது என்றுதான் நானும் முதலில் நினைத்திருந்தேன்.

இதை முதலில் கண்டவள் நான் இல்லை. தேவகி ஜெயின் 1976-77இல் ராஜஸ்தானிலும் மேற்கு வங்கத்திலும் ஆறு கிராமங்களில் ஆட்களை உட்காரவைத்து, பெண்கள் காலை முதல் இரவு வரை என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுதவைத்தார். ‘வேலை இல்லை’ என்று பதிவானவர்கள் நாள் முழுக்க வேலை செய்வது அதில் தெரிந்தது. அரசாங்கம் 1998-99இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் நேரப் பயன்பாட்டு ஆய்வைச் சோதனையாக நடத்தியது. நாடு முழுவதற்கும் என்று முதன்முதலாக நடத்தியது 2019இல்தான்.

நான் கண்டுபிடித்துக்கொண்ட வழி சின்னது. தொழில் என்ன என்ற கேள்வியை முதலில் கேட்பதில்லை. வாசலில் மாடு கட்டியிருந்தால், “மாடு கறக்குதா? எத்தன லிட்டர் ஊத்தறீங்க? யாரு கொண்டுபோய் ஊத்தறது?” என்று தொடங்குவேன். பால் அட்டையைக் கேட்பேன், எடுத்துக்கொண்டு வருவது அந்த அம்மாதான். அதன் பிறகு தொழில் கேள்வி வந்தால், அவரே சிரித்துக்கொண்டு, “மாடுதான் பாக்கறேன், அதுவே இடுப்பு ஒடியுது” என்பார். இப்போது எழுத வேண்டியது 21ஆ, 11ஆ? காசு கைக்கு வருவது வீட்டுக்காரருக்கு, முடிவெடுப்பவர் இந்த அம்மாவா? கன்றை விற்க வேண்டுமா என்று யாரைக் கேட்பார்கள் என்று ஒரு கேள்வி போடுவேன். “என்னக் கேக்காம வித்துடுவாரா?” என்று சொன்னால் 11. கேள்வித்தாளில் இல்லாத கேள்விதான். பயிற்சியில், எழுதியிருப்பதை எழுதியபடியே படிக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அதற்கு நியாயம் உண்டு. ஆளுக்கு ஆள் கேள்வியை மாற்றினால் ஒப்பிட முடியாது. மாற்றாமல் கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரி தப்பாக எழுதுவோம், அதை ஒப்பிடலாம்.

2018இல் டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பதே ஆபத்தாக இருந்தது. சென்னை - சேலம் எட்டுவழிச் சாலைக்கு நிலம் அளக்கிறார்கள் என்று மாவட்டமே கொதித்துக்கொண்டிருந்த நேரம். சாலை எங்கள் வட்டத்துக்குள் வரவில்லை என்று சொன்னாலும் யார் நம்புவார்கள்? டேப்லெட் வீட்டின் இருப்பிடத்தைத் தானாகப் பதியும். அதைப் பார்த்துவிட்ட ஒரு பெரியவர், “இன்னிக்கு வூடு, நாளைக்குக் கொல்லையா?” என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது அந்த வருஷம் யாராலும் முடியவில்லை. வாய்மொழி ஒப்புதல் போதும் என்று திட்டக்காரர்களிடம் பேசி மாற்ற வேண்டியிருந்தது. ஆய்வு நெறிக் குழு மனிதர்களைப் பாதுகாக்க எழுதிய தாளைப் பார்த்துத்தான் மனிதர்கள் பயந்தார்கள்.

அதற்குச் சில வருஷம் கழித்து ஒரு திட்டம். பெயர் வேண்டாம். ஒரே குடும்பங்களை இரண்டு சுற்று பார்க்க வேண்டும். முதல் சுற்று பாதி முடிந்திருக்கும்போது ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். நல்ல பையன், புள்ளியியல் படித்தவர்.

“அக்கா, ஒரு டவுட். உங்க வீடுகள்ல மட்டும் பொம்பளைங்க வேலை பாக்கறது ரொம்ப அதிகமா வருது. மத்த அஞ்சு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கு.”

“மாடு இருக்கற வூடா பாருங்க தம்பி.”

“எல்லாருக்கும் குலுக்கல்ல விழுந்த வீடுதானேக்கா. மாடு எல்லார்கிட்டயும்தான் இருக்கு.”

சந்தேகம் வந்தால் மறுசோதனைக்கு வேறு ஆள் அனுப்புவது வழக்கம். அனுப்பினார்கள். நான் எழுதிய வீடுகளில் சிலவற்றுக்குப் போய், கேள்வித்தாளில் உள்ளபடி தொழில் கேள்வியை நேராகக் கேட்டார்கள். அதே பெண்கள், அதே வாசல். நிறையப் பேர் ‘வீட்டு வேலைதான்’ என்றார்கள். நான் கேட்டதற்குச் சொன்னதும் அவர்கள்தான், இவர்கள் கேட்டதற்குச் சொன்னதும் அவர்கள்தான்.

இதற்கு மகலனோபிஸ் அந்தக் காலத்திலேயே ஒரு வழி வைத்திருந்தார். முப்பதுகளின் கடைசியில் வங்காளத்தில் சணல் பயிரிட்ட பரப்பை மதிப்பிடத் தொடங்கியபோது, ஒரே பகுதிக்கு இரண்டு தனித்தனி மாதிரிகளை எடுத்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு குழுக்களிடம் கொடுப்பார். இரண்டு விடைக்கும் இடையில் உள்ள தூரம்தான், அளப்பவர்களால் வரும் பிழைக்கு அளவு. அளக்கிற ஆளும் அளவின் ஒரு பகுதி என்பதை ஒளிக்காத முறை அது. ஒருங்கிணைப்பாளருக்கு இது தெரியும். என்னிடம் விளக்கியதே அவர்தான். மற்ற ஐந்து பேரையும் உட்காரவைத்து நான் எப்படிக் கேட்கிறேன் என்று சொல்லச் சொன்னார். இரண்டாம் சுற்றுக்கான கேள்வித்தாளில் தொழில் கேள்விக்கு முன்னால் மாடு, ஆடு, கோழி பற்றி நாலு கேள்விகள் புதிதாகச் சேர்ந்தன. எனக்குச் சந்தோஷம்தான். முதல் சுற்றுத் தரவை அப்படியே வைத்துக்கொள்ளலாம், அடிக்குறிப்பு போட்டுவிடலாம் என்றும் முடிவானது.

நாட்டு அளவிலும் இதே மாதிரி ஒரு ஏற்றம் இருக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்பாளராகக் கணக்கில் வருபவர்கள் 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7. கிராமத்தில் கூலியில்லா உதவியாளர்களும் சுயதொழிலும்தான் இதில் பெரும்பங்கு. வேலை உண்மையிலேயே கூடியதா, கஷ்டம் தள்ளிவிட்டதா, கேட்கிற விதம் தேறியதா என்று மூன்று கட்சி. மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்பது என் எண்ணம். எந்தப் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் திட்டத்தின் அறிக்கை இரண்டாம் சுற்று முடிந்து ஒரு வருஷத்தில் வந்தது. திருவண்ணாமலையில் ஓட்டல் ஒன்றில் வெளியீடு, எங்களுக்கும் அழைப்பு. பெண்களின் உழைப்புப் பங்கேற்பு இரண்டு சுற்றுகளுக்கு இடையில் கணிசமாக உயர்ந்திருக்கிறது என்று திரையில் ஒரு நீலக் கம்பமும் அதைவிட உயரமான ஒரு பச்சைக் கம்பமும் காட்டினார்கள். சுயஉதவிக் குழுக் கடன் காரணமாக இருக்கலாம் என்றார் பேசியவர். அடிக்குறிப்பு திரையில் இல்லை. அச்சிட்ட அறிக்கையில் தேடினேன், பின்னிணைப்பில் இருந்தது. கேள்வி வரிசை மாறியதாக ஒரு வரி, எதற்காக மாறியது என்று இல்லை. பழைய ஒருங்கிணைப்பாளர் அதற்குள் பெங்களூருக்கு வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தார். புதிதாக வந்திருந்தவரிடம் சாப்பாட்டு இடைவேளையில் இதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். மூன்றாவது சுற்றுக்கு ஆள் எடுப்பதாகவும், மாடு பற்றிய அந்த நாலு கேள்விகளும் நேரம் பிடிப்பதால் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், பயிற்சி தை மாதம் இருக்கும் என்றும் சொன்னார்.